டவுனுக்குள்ள மணிக்கு 60 கிலோமீட்டர்னு இருக்குற வேகத்த 30க்கு கொறச்சா விபத்து நெஜமாவே கொறையுமா, இல்ல சம்மன் போடத்தான் இதெல்லாமா?

கொறையும். அதுவும் சாவு கணக்கு நல்லாவே கொறையும். சம்மன் பேச்சு எப்பவும் வர்றதுதான், அத விடுங்க. எங்க வீட்டுல நடந்தத சொல்றேன்.

நான் இருக்குறது மலேசியாவுல பேராக், சுங்கை சிப்புட். ஈப்போவுலேருந்து கோலகங்சார் போற பழைய ரோடு டவுனுக்குள்ளயேதான் போவுது. ஹைவே வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, ஆனா செம்பனை குலை லாரி, தோட்டத்து பிக்அப், பேக்டரி பஸ், மோட்டர் சைக்கிள் எல்லாம் இன்னும் இந்த ரோடுதான். இந்தப் பக்கம் வீடு, எதிர்ப்பக்கம் கடை, பஸ் நிக்கிற எடம். நடக்குறவங்க கடந்துதான் ஆவணும், வேற வழி கெடையாது.

என் சின்னம்மா தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுனவங்க, தோட்டத்த வித்த பிறகு டவுனுக்கு வந்து பேக்டரி வேலைக்கு போயிகிட்டு இருந்தாங்க. காலைல 5.40க்கு பஸ் புடிக்க ரோட்ட கடக்கும்போது ஒரு பிக்அப் அடிச்சிருச்சு. இங்க 7 மணி வரைக்கும் விடியாது, உங்களுக்கே தெரியும். நல்ல வேளையா கடைசி அடி எடுத்து வெச்சுட்டாங்க, பம்பரோட ஓரம்தான் பட்டுச்சு, அதுக்கே தொடை எலும்பு ரெண்டு எடத்துல முறிஞ்சு உள்ள கம்பி வெச்சிருக்காங்க.

ஓட்டுனவர் காய்கறி ஏத்திகிட்டு வந்த ஒரு அண்ணன். ஓடிப்போகல, அவரே தூக்கி காடில போட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டாந்தாரு, மறுநாளும் வந்து வராந்தாவுலயே நின்னாரு. "தம்பி, நான் வேகமா வரலப்பா, 60தான் இருந்துச்சு, சத்தியமா"ன்னு என் கையப் புடிச்சுகிட்டு அழுதாரு. நான் நம்புனேன், இன்னைக்கும் நம்புறேன். அவரு ஒரு சட்டத்தயும் மீறல. அந்த 60தான் தப்பான நம்பர், நான் சொல்ல வர்றது அவ்வளவுதான்.

ஏன்னு கேளுங்க. எங்க மச்சான் வீடு கட்டுற வேலை, அவர்கிட்ட அளவு டேப் வாங்கிகிட்டு ஒரு ஞாயித்துக்கெழம அங்க போனேன். அந்த அண்ணன் சின்னம்மாவ மொதல்ல பாத்ததா சொன்ன லைட் கம்பத்துலேருந்து, சின்னம்மா சிலிப்பர் ஒண்ணு கெடந்த எடம் வரைக்கும் இழுத்துப் பாத்தா 20 மீட்டரு. 60ல போற காடி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிரும். கண்ணு பாத்து காலு பிரேக்க அமுக்கறதுக்கு நல்லா முழிச்சிருக்குறவனுக்கே ஒரு செகண்ட் ஆவும். ஆக 17 மீட்டர் சும்மாவே போயிருச்சு, பிரேக் புடிக்க மிச்சம் 3 மீட்டர். காஞ்ச ரோடு, நல்ல பிரேக்குன்னே வெச்சு கணக்குப் போட்டாலும் அந்த எடத்துக்கு வரும்போது காடி இன்னும் 55ல இருக்கும். அதே அண்ணன், அதே பிக்அப், அதே ஒரு செகண்டு, ஆனா 30ல வந்திருந்தா 13, 14 மீட்டர்லயே நின்னுருக்கும். சின்னம்மா ரோட்ட கடந்து பஸ் ஏறியிருப்பாங்க, சாயந்தரம் வீட்டுக்கு வந்து "ஒரு காடி கிட்ட வந்துருச்சுடா"ன்னு சொல்லியிருப்பாங்க, அவ்வளவுதான். அப்படியே இடிச்சாலும் வேகம் பாதியானா மோதுற சக்தி கால்வாசிதான், அதுல பொழைக்கிறவங்கதான் அதிகம்.

இது என் கற்பனை இல்ல. 2020ல ஸ்டாக்ஹோம்ல பல நாட்டு அமைச்சருங்க கூடி, ஜனங்க நடக்குறதும் காடி ஓடுறதும் ஒண்ணா இருக்குற எடத்துல 30தான் உச்சம்னு அறிக்கையே விட்டாங்க. ஸ்பெயின்ல 2021 மே மாசத்துலேருந்து பக்கத்துக்கு ஒரு லேன் இருக்குற டவுன் ரோடு எல்லாம் 30. பின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கில பாதிக்கு மேல தெரு 30தான், 2025 ஜூலையோட முடிஞ்ச ஒரு வருஷத்துல அந்த ஊர்ல ரோட்டு விபத்துல ஒருத்தர்கூட சாவல. வேல்ஸ்ல 2023 செப்டம்பர்ல 20 மைலுக்கு, அதாவது நம்ம கணக்குல 32க்கு, கொறச்சப்போ 4 லட்சம் பேருக்கு மேல எதிர்த்து கையெழுத்து போட்டாங்க, ஆனா அதுக்கப்புறம் அடிபடுறவங்க எண்ணிக்க எறங்கிச்சு.

"அங்கல்லாம் சரி, நம்மூர்ல யாரு கேப்பா"ன்னு கேப்பீங்க. அதுல நியாயம் இருக்கு. பள்ளிக்கூடத்துகிட்ட 30ன்னு போர்டு நிக்குது, அத தாண்டி லாரி 70ல போறத நானே பாக்குறேன். ரோடு அகலமா நேரா வழவழன்னு இருந்தா கால் தானா அமுக்கும், போர்டு மட்டும் என்ன செய்யும்? கடக்குற எடத்துல ரோட்ட ஒசத்தணும், ரெண்டு ஓரத்தயும் உள்ள கொண்டாந்து குறுக்கணும், லைட் போடணும். ஆனா தயவுசெஞ்சு பெயின்ட் இல்லாத வேகத்தடை மேடு மட்டும் போட்டுடாதீங்க, ராத்திரில மோட்டர்காரன் தூக்கி எறியப்படுறான். நம்ம நாட்டுல வருஷத்துக்கு சுமார் 6,000 பேரு ரோட்டுல சாவுறாங்க, அதுல பாதிக்கு மேல மோட்டர்ல போறவங்க, நம்ம புள்ளைங்கதான் அதுல எத்தனை பேரு.

நேரம் போயிரும்னு சொல்றவங்களுக்கு: ஒரு சாதாரண டவுன் ரோடு ஒன்றரை கிலோமீட்டர்னு வைங்க. 60ல ஒன்றரை நிமிஷம், 30ல மூணு நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்துக்காக எங்க சின்னம்மா பதினோரு மாசம் கட்டில்ல கெடந்தாங்க. இப்ப கம்ப ஊனி நடக்குறாங்க, வேலைய விட்டாச்சு. ஆனா கோயிலு அந்தப் பக்கம்தானே இருக்கு, வெள்ளிக்கெழம காலைல கையில டார்ச் லைட் புடிச்சுகிட்டு அதே லைட் கம்பத்துகிட்டதான் நின்னு, காடி வரலன்னு ரெண்டு தடவ பாத்துட்டு கடக்குறாங்க.