சைக்கிள் சரி, ஓட்டம் எப்போது?

கேள்வி: கல்லணைக் கால்வாய்க் கரையில் ஓடும்போது கணுக்கால் பிசகியது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, வீக்கமும் வடிந்துவிட்டது. சைக்கிளாவது ஓட்டலாமா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: வலிக்காதவரை தாராளமாக. உடல் எடையில் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்ளும். மேடில்லாத உங்கள் ஊர்ச் சாலையும் வசதி. ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் மட்டும் வேண்டாம். காலை விடுவிக்கக் குதிகாலைத் திருக வேண்டும், ஆறாத ஜவ்வுக்கு அது ஆகாது.

ஓட அவசரப்படாதீர்கள், தயவுசெய்து. வலி போய்விட்டாலும் சமநிலை திரும்பியிருக்காது. நான் பார்க்கும் பலருக்கு மறுபடி பிசகுவது இதனால்தான். சுவர் ஓரமாக, அடிபட்ட காலில் மட்டும் நின்று பாருங்கள். தள்ளாடுகிறதா? தினமும் பல் தேய்க்கும்போது அப்படியே நின்று பழகுங்கள். அப்புறம் படி விளிம்பில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வேகமாக நடந்தாலும், அந்த ஒற்றைக் காலில் குதித்தாலும் வலியில்லை என்றால் தார்ச்சாலையில் நடையும் ஓட்டமுமாகத் தொடங்கலாம். டிராக்டர் தடம் காய்ந்து இறுகிய கரைப்பாதை கடைசியில்தான்.