மகளுக்கு மூளை ஆராய்ச்சி, அப்பாவுக்கு எம்.பி.பி.எஸ்.

வணக்கம் சார். பிளஸ் டூவில் உயிரியல்-கணிதம் படிக்கும் மகள், ‘நீட் எழுத மாட்டேன், மூளை எப்படி வளர்கிறது என்று ஆராயப்போகிறேன்’ என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேலை கிடைக்குமா, முப்பது வயது வரை படித்தால் கல்யாணம் எப்போது என்று இரண்டு கவலைகள் உங்களுக்கு. முதலாவதற்குப் பதில் சொல்கிறேன். இரண்டாவதை அவளிடமே விட்டுவிடுங்கள்.

நோபல் வாங்கிய நரம்பியல் விஞ்ஞானி ரீட்டா லெவி-மொந்தால்சினிதான் அவளுக்கு ஆதர்சம் என்றீர்கள். நல்ல தேர்வு. ஆனால் மேடைப் பேச்சாளர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுவார்கள். 1909-இல் இத்தாலியின் டூரினில் பிறந்த அவருக்கும் ஒரு கண்டிப்பான அப்பா இருந்தார். பெண்ணுக்கு உத்தியோகம் எதற்கு என்ற அவரிடம் போராடிச் சம்மதம் வாங்கி, லத்தீனும் கிரேக்கமும் கணிதமும் அவசரமாகப் படித்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-இல் பட்டம். ஆக, உங்கள் மகளின் ஆதர்சமும் ஒரு டாக்டர்தான்! இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள்.

1938-இல் முசோலினி கொண்டுவந்த இனச் சட்டங்களால் யூதரான அவருக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியது. படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகள் செய்து, கோழிமுட்டைக் கருவை ஆராய்ந்தார். எல்லோரும் சிலாகிப்பது இந்த ஊசியைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பிடித்துக்கொண்ட கேள்வி. கருவில் கை கால் முளைக்கும் மொட்டை வெட்டிவிட்டால், அதற்குப் போக வேண்டிய நரம்புச் செல்கள் குறைந்துபோகின்றன என்று கரு வளர்ச்சி ஆய்வாளர் விக்டர் ஹாம்பர்கர் 1934-இல் எழுதியிருந்தார். செல்கள் உருவாகவே இல்லை என்பது அவர் விளக்கம். இல்லை, உருவாகி, வளர்ந்து, பிறகு சாகின்றன என்று கண்டார் ரீட்டா. அப்படியானால் அவற்றை உயிரோடு வைத்திருக்கும் ஏதோ ஒன்று அந்த உறுப்பிலிருந்து வர வேண்டுமே?

தன் முடிவை மறுத்தவரைப் போருக்குப் பிறகு ஹாம்பர்கரே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார். சில மாதங்களுக்கென்று போனவர் முப்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் சேர்ந்த பிறகுதான் அந்தப் பொருள், நரம்பு வளர்ச்சிக் காரணி, பிரித்தெடுக்கப்பட்டது. 1986-இல் இருவருக்கும் நோபல். ஹாம்பர்கருக்கு அதில் பங்கில்லை என்று இன்றும் சிலருக்கு மனத்தாங்கல், எனக்கும்தான். நரம்பு மண்டலம் தேவைக்கு மேல் செல்களை உண்டாக்கிப் பிறகு கழிக்கிறது என்ற இன்றைய புரிதலுக்கு இந்த வேலை பெரிய அடித்தளம்.

கல்லூரிப் பெயரைவிட வழிகாட்டி முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். டூரினில் ஜுசெப்பே லேவி என்ற ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்களில் ரீட்டா உட்பட மூன்று பேர் பிற்காலத்தில் நோபல் வாங்கினார்கள்.

இனி நடைமுறை. நீட்டையும், மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசருக்கான நுழைவுத்தேர்வையும் இரண்டையும் எழுதட்டும். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள், எம்.பி.பி.எஸ். முடித்தும் ஆராய்ச்சிக்கு வரலாம். கடன் வாங்கித் தனியார் சீட் மட்டும் வேண்டாம். கிடைக்காவிட்டால் திருப்பதி ஐசரில் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். என்ற அறிவியல் பட்டம் படிக்கலாம். கணிதத்தை அவள் கைவிடாதது பெரிய பலம். சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024-இல் வெளியிட்ட ‘தரணி’ என்ற, கருவிலுள்ள சிசுவின் மூளை வரைபடத்தில் 5,132 வெட்டுத்துண்டுப் படங்கள் உள்ளன. கணினி தெரியாதவர் அதை வைத்து என்ன செய்ய முடியும்?

அடுத்து பிஎச்.டி.க்கு பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு மையம், மனநல-நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம். ஐந்தாறு வருடம் பிடிக்கும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அதாவது பிஎச்.டி. படிப்புக்கு நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் நிரந்தர வேலை வர முப்பத்தைந்து வயதுகூட ஆகலாம். அதை மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள். அதற்கும் சரி என்றால், விண்ணப்பம் போடும்முன் இருவரும் சேர்ந்து ஒருமுறை வாருங்கள்.