கிரிப்டோ யாருக்குப் போகும்? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை கீழக்கரையிலிருந்து பாம்பன் வரை வந்த கடிதங்களில் ஒரே கவலைதான் திரும்பத் திரும்ப இருந்தது. போனுக்குள் இருக்கும் கிரிப்டோ, அதாவது பிட்காயின் போன்ற டிஜிட்டல் காசு, நமக்குப் பிறகு வீட்டாருக்குப் போய்ச் சேருமா? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கே பக்கத்தை ஒதுக்கிவிட்டேன்.

துபாயில் வேலை பார்க்கிறேன், குடும்பம் கீழக்கரையில். வாப்பா மவுத்தாகிவிட்டார். உம்மா, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரே ஒரு தம்பி. மிச்சம் பிடித்த காசில் பிட்காயின் வாங்கி ஹார்டுவேர் வாலட்டில் (கிரிப்டோவின் சாவியை வைக்கும், பென்டிரைவ் மாதிரியான சின்னக் கருவி) வைத்திருக்கிறேன். இங்குள்ள ஒரு எக்ஸ்சேஞ்சிலும் (கிரிப்டோ வாங்கி விற்க உதவும் கம்பெனி) கொஞ்சம் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய காயின்) கிடக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?
*— பெயர் வேண்டாம், கீழக்கரை*

இன்றைக்கு இருக்கிற நிலையில் அந்த பிட்காயின் உங்களோடு முடிந்துவிடும். யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள், பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஊருக்கே தெரிகிற மாதிரி அப்படியே கிடக்கும், ஆனால் உங்கள் வீட்டில் ஒருவராலும் அதை அசைக்க முடியாது. பேங்கில் கிடக்கும் பணம் என்றால் மேனேஜரைப் பார்க்கலாம், சர்டிபிகேட் கொடுக்கலாம், கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம். ஹார்டுவேர் வாலட்டுக்கு மேனேஜர் கிடையாது. நீதிபதியே உத்தரவு போட்டாலும், அதன் பின் நம்பரோ, வாலட்டை அமைக்கும்போது அது தந்த 12 அல்லது 24 ரகசிய வார்த்தைகளோ (சீட் வார்த்தைகள்) இல்லாமல் அது திறக்காது.

அதனால் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள். யாருக்கு எவ்வளவு என்பது ஒன்று, அதை எப்படித் திறப்பது என்பது இன்னொன்று. உயில் மட்டும் எழுதி வைத்தால் பங்கு தெரியும், பெட்டி திறக்காது. வார்த்தைகளை மட்டும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனால் பெட்டி திறக்கும், யார் பங்கு எவ்வளவு என்பதில் சண்டை வரும், அதுவும் கையில் வைத்திருப்பவர் சொன்னதுதான் கணக்கு என்று ஆகிவிடும்.

முதலில் பங்கு. உங்கள் குடும்பத்தில், சுன்னி முறைப்படி, மனைவிக்கு 1/8, உம்மாவுக்கு 1/6, இரண்டு பெண்களுக்கும் சேர்த்து 2/3, மீதி 1/24 உங்கள் தம்பிக்கு. ஆமாம், தம்பிக்கும் பங்கு உண்டு, ஆண் பிள்ளை இல்லாத வீடுகளில் பலர் இதை யோசிப்பதே இல்லை. இந்தக் கணக்கை மாற்றி எல்லாவற்றையும் மனைவிக்கே என்று வஸிய்யத் (உயில்) எழுதினால் நிற்காது. மூன்றில் ஒரு பங்கு வரைக்கும்தான் எழுத முடியும், அதையும் வாரிசுகளில் ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். மனைவிக்குக் கூடுதலாகக் கொடுக்க மனசு இருந்தால் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தேன் என்று வாயால் சொன்னால் போதாது, அவர் ஏற்றுக்கொண்டு அவர் கைவசம் போக வேண்டும். கிரிப்டோவில் அதற்கு அர்த்தம், அவருடைய சொந்த வாலட்டுக்கு அனுப்பி, அதன் வார்த்தைகள் அவரிடம் இருப்பது. ஊர் ஆலிமிடமும் ஒரு வக்கீலிடமும் கணக்கைக் காட்டிவிட்டே செய்யுங்கள்.

இரண்டாவது, திறப்பது. ஒரு வெள்ளைத் தாளில் மனைவிக்குக் கடிதம் எழுதுங்கள். என்ன காயின், வாலட் என்ன மாடல், அது வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த எக்ஸ்சேஞ்ச், எந்த இமெயில், எந்த நம்பருக்கு ஓடிபி வரும், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது. இவ்வளவும் இருக்கட்டும், ஆனால் சீட் வார்த்தைகள் அந்தத் தாளில் வேண்டாம். அவை வேறு கவரில், வேறு இடத்தில். வாலட்டில் கூடுதலாகப் பாஸ்ஃப்ரேஸ் (நீங்களே சேர்க்கும் இன்னொரு ரகசியச் சொல்) போட்டிருந்தால் அதையும் மறக்காமல் எழுதி வையுங்கள், அது இல்லாமல் 24 வார்த்தையையும் சரியாகப் போட்டாலும் காலி வாலட்தான் திறக்கும், உங்கள் மனைவி காசே இல்லை என்று நினைத்துவிடுவார்.

உயிலில் சீட் வார்த்தைகளை எழுதலாமா என்று இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த உயிலுக்கு, எழுதியவர் இறந்த பிறகு யார் மனுப் போட்டாலும் நகல் கிடைக்கும். அந்த நகலை வாங்குகிறவர் கையில் உங்கள் பிட்காயினும் போய்விடும்.

துபாய் எக்ஸ்சேஞ்சில் இருப்பதற்குத் திறவுகோல் கம்பெனியிடம் இருக்கிறது, அது இன்னொரு வழி. அங்கே பெரும்பாலும் இறப்புச் சான்றும் வாரிசு ஆவணமும் கேட்பார்கள், இங்கிருந்து போகும் காகிதத்துக்கு அட்டெஸ்டேஷன் வேண்டும், அதில் உள்ள அலைச்சல் உங்களுக்கே தெரியும். உம்மாவும் மனைவியும் அதைச் செய்ய வேண்டாமே. எக்ஸ்சேஞ்சில் கிடப்பதைக் குறைத்து வையுங்கள்.

அப்புறம், இந்த மாதமே மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாலட்டைக் காட்டி, இது என்ன என்று சொல்லுங்கள். பென்டிரைவ் என்று நினைத்து யாராவது தூக்கிப் போட்டுவிட்டால் கூட வார்த்தைகள் இருந்தால் மீட்டுவிடலாம், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் எதைத் தேடுவார்?

எக்ஸ்சேஞ்சில் நாமினி போட்டாகிவிட்டது. அது போதும்தானே?
*— மண்டபம் வாசகர்*

போதாது. நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர், சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, நாமினி வாங்கினாலும் வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும். நாமினியும் போடுங்கள், உயிலும் எழுதுங்கள். நமக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் உயில் எழுதுவது பெரிய வேலையே இல்லை. வெள்ளைத் தாள் போதும், இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், பதிவு கட்டாயம் இல்லை.

இன்னொன்று, எக்ஸ்சேஞ்சே நிலைத்து நிற்கும் என்று நம்பி இருக்காதீர்கள். கனடாவில் குவாட்ரிகா என்ற எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூரில் இறந்துபோனார். சாவி எல்லாம் அவர் ஒருவரிடம்தான் இருந்தது என்றார்கள். பிறகு ஒன்டாரியோ பங்குச் சந்தை ஆணையம் விசாரித்தபோது, வாடிக்கையாளர் பணத்தை அவர் முன்பே டிரேடிங்கில் தொலைத்திருந்தது வெளியே வந்தது. அங்கே பணம் போட்டவர்கள் எந்தத் தப்பும் செய்யாதவர்கள்.

என் அண்ணன் மாரடைப்பில் திடீரென்று இறந்துவிட்டார். கிரிப்டோ வாங்கியிருப்பதாக ஒருமுறை சொன்னார், எங்கே என்று தெரியாது. போன் லாக்கில் இருக்கிறது. மதினியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
*— வாசகி, பாம்பன்*

உங்கள் அண்ணன் குடும்பத்துக்கு என் ஆறுதல். நேரம் ஓடிக்கொண்டிருக்கிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த சிம்மை விட்டுவிடாதீர்கள். ப்ரீபெய்ட் நம்பரை பேலன்ஸ் இல்லாமல் 90 நாள் பயன்படுத்தாமல் போட்டால் கட்டாகி, பிறகு வேறொருவருக்குப் போய்விடும். இன்றைக்கே சின்ன ரீசார்ஜ் ஒன்று போடுங்கள். போனில் பின் நம்பரைக் குத்துமதிப்பாக அடித்துப் பார்க்காதீர்கள், சில போன்கள் பல தடவை தப்பானால் எல்லாவற்றையும் அழித்துவிடும். ரீசெட் போட்டுத் தருகிறேன் என்று செல்போன் கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த ரீசெட்டில் வாலட் ஆப்பும் சேர்ந்து போகும்.

எந்த எக்ஸ்சேஞ்ச் என்று கண்டுபிடிக்க பேங்க் பாஸ்புக்கை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். யுபிஐ வழியாகத் தெரியாத கம்பெனிப் பெயருக்கு ரூபாய் போயிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் கிரிப்டோ விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கிறார்கள், பிடித்தவர் பெயர் வருமான வரித் தளத்தில் அண்ணனுடைய பான் நம்பரின் கீழ் இருக்கும். மதினி சட்டப்படி வாரிசு என்று அந்தத் தளத்தில் பதிவு செய்துகொண்டு 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற வரி விவர அறிக்கைகள் இரண்டையும் எடுத்துப் பார்க்கலாம். அண்ணன் அதற்குப் பிறகு ஒரு தடவையாவது விற்று வரி பிடித்திருந்தால் எக்ஸ்சேஞ்சின் பெயர் கிடைத்துவிடும். வாங்கி வைத்ததோடு சரி என்றால் இதில் தெரியாது.

பெயர் தெரிந்ததும் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசு சான்று (இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்), மதினியின் ஆதார், பான் எல்லாம் சேர்த்து அந்த எக்ஸ்சேஞ்சின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். தொகை பெரியது என்றால் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கச் சொல்வார்கள். அதுவரைக்கும் அண்ணன் நம்பருக்கு வரும் ஓடிபியை வைத்து உள்ளே போய் விற்கப் பார்க்காதீர்கள். அவசரத்துக்கு அப்படிச் செய்யத் தோன்றும், எனக்குப் புரிகிறது, ஆனால் இறந்தவர் பெயரில் விற்றதாகப் பதிவாகி நாளைக்குப் பிள்ளைகளின் பங்கைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மதினிதான். உங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இந்துக் குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், உயிரோடு இருந்தால் அம்மா, எல்லோருக்கும் சம பங்கு.

டெலிகிராமில், வாட்ஸ்அப்பில் ‘தொலைந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்’ என்று வருகிறவர்கள் அத்தனை பேரையும் பிளாக் செய்யுங்கள். முன்பணம் கேட்பார்கள், இல்லாவிட்டால் சீட் வார்த்தைகளைக் கேட்பார்கள். துக்க வீட்டைத் தேடி வந்து ஏமாற்றுகிற இந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அண்ணனின் மேஜை, பழைய நோட்டு, பைபிளின் கடைசிப் பக்கம் என்று எல்லா இடத்திலும் வரிசை நம்பர் போட்ட 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகள் இருக்கிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள். கிடைத்தால் போட்டோ எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் 12 வார்த்தைகளையும் தமிழ் எழுத்தில் எழுதி டைரியில் வைத்திருக்கிறேன். சரிதானே?
*— தேவிபட்டினம் வாசகர்*

உடனே மாற்றுங்கள். அந்த வார்த்தைகள் 2048 வார்த்தைகள் உள்ள ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருகின்றன, அதில் தமிழ்ப் பட்டியல் கிடையாது. நீங்கள் ‘கார்டு’ என்று எழுதி வைத்திருந்தால் அது சீட்டா (card), மாட்டு வண்டியா (cart), காவலா (guard)? மூன்றுக்கும் உரிய ஆங்கில வார்த்தைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, நம் எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆங்கில எழுத்திலேயே, பெரிய எழுத்தில், வரிசை நம்பரோடு எழுதுங்கள். ஒவ்வொரு வார்த்தையிலும் முதல் நாலு எழுத்து சரியாக இருந்தாலே போதும், அதை வைத்தே வார்த்தையைக் கண்டுபிடித்துவிடலாம். அம்மாவுக்கான விளக்கத்தை மட்டும் தமிழில் தனியாக எழுதி வையுங்கள்.

டைரியும் வேண்டாம். நம் கடற்கரையில் ஜன்னல் கம்பியே உப்புக் காற்றில் செதில் செதிலாக உதிர்கிறது, காகிதம் எத்தனை வருஷம் தாங்கும்? படகுச் சாமான் விற்கும் கடையில் 316 கிரேடு எவர்சில்வர் தகடு ஒன்று வாங்கி, எழுத்துப் பஞ்ச் வைத்து நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொல்லக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அரசாங்கம் இதைச் சொத்து என்று ஒத்துக்கொள்கிறதா? வாரிசு வரி உண்டா?
*— தொண்டி வாசகர்*

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முதலீட்டாளர் வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்து, அதை அனுபவிக்கவும் மற்றவருக்காக அறக்கட்டளை முறையில் வைத்திருக்கவும் முடியும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சொத்து என்றால் வாரிசுக்கும் போகும். வாரிசு வரி இந்தியாவில் 1985-லேயே எடுத்தாகிவிட்டது, அதனால் கைக்கு வரும்போது வரி இல்லை. விற்கும்போது லாபத்தில் 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீதம் செஸ்ஸும் கட்ட வேண்டும். வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்க விடுவார்கள். எனவே என்ன தேதியில் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் விலையை நிரூபிக்க முடியாமல் மொத்தத் தொகைக்கும் வரி கட்டும் நிலை வரலாம்.

எனக்கு மூன்று பையன்கள். 12 வார்த்தைகளை நாலு நாலாகப் பிரித்து ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். மூன்று பேரும் ஒன்றுசேர்ந்தால்தான் திறக்க முடியும் அல்லவா?
*— தங்கச்சிமடம் வாசகர்*

எண்ணம் நல்லது, வழி சரியில்லை. ஒருவர் சீட்டைத் தொலைத்தால் மூன்று பேருக்கும் சிக்கல். இரண்டு பேர் சேர்ந்துகொண்டால் அவர்களிடம் எட்டு வார்த்தை இருக்கும், மீதி நாலு வார்த்தையைக் கம்ப்யூட்டர் வைத்து அடித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், அது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. நீங்கள் நினைத்த பாதுகாப்பும் இல்லை, பிள்ளைகளுக்கு வசதியும் இல்லை.

இதற்கென்றே மல்டிசிக் என்று ஒரு முறை இருக்கிறது. மூன்று தனித்தனி சாவி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும், ஒன்று தொலைந்தாலும் பயமில்லை, ஒருவர் தனியாக எடுக்கவும் முடியாது. ஆனால் அதை அமைக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருக்க வேண்டும், சாவிகளோடு அந்த வாலட்டின் அமைப்பு விவரத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். அப்படி யாரும் இல்லை என்றால் ஒரே சீட், இரண்டு தகடு, இரண்டு வெவ்வேறு வீடு என்று எளிமையாக வைத்துக்கொள்வதே மேல்.

எந்த முறை என்றாலும் நூறு ரூபாய்க்கு ஒரு சோதனை செய்துவிடுங்கள். புது வாலட் ஒன்றில் சின்னத் தொகையை அனுப்பி, வாலட்டை அழித்துவிட்டு, மூத்த பையனை உட்கார வைத்து எழுதி வைத்ததை மட்டும் பார்த்து அவனையே மீட்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று வாய் திறக்காதீர்கள். எங்கே தடுமாறுகிறானோ அந்த இடத்தில் உங்கள் குறிப்பைத் திருத்தி எழுதுங்கள்.