ஒஃபிஸ் மெயிலுக்குப் பெருவிரல் போடலாமா? கேள்வி பதில்

கிளிநொச்சி: அண்ணை, வேலைக்குப் புதிது. "திங்கள் 9 மணிக்குக் கூட்டம்" என்று இயக்குநர் எல்லாருக்கும் மெயில் போட்டார். பதில் எழுதாமல் பெருவிரல் சின்னம் (👍) மட்டும் போட்டால் மரியாதைக் குறைவா?

பதில்: இல்லைத் தங்கச்சி. இருக்கிற அத்தனை பேரும் "நன்றி, வருகிறேன்" என்று எல்லாருக்கும் பதில் அடித்தால்தான் தொல்லை. ஆனால் அங்கே மூத்தவர்கள் இப்படி ரியாக்ஷன், அதாவது பதிலுக்குப் பதில் சின்னம், போடுகிற பழக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்களிடம் நேரே ஏதாவது கேட்டிருந்தால் ஒரு வரி எழுதத்தான் வேண்டும்.

மாங்குளம்: ஜிமெயிலில் போட்ட இதயம் கொழும்புக்காரருக்குத் தனி மெயிலாகப் போயிருக்கிறது, ஏன்?

பதில்: அந்த வசதி இல்லாத செயலியில் பார்ப்பவருக்கு அப்படித்தான் போகும். திருப்பி எடுக்கவும் சில வினாடிகள்தான் கிடைக்கும், செட்டிங்கில் கூட்டி வைத்தாலும் 30 வினாடிக்கு மேல் இல்லை. அவுட்லுக்கில் பிறகும் எடுக்கலாம், ஆனால் வெளி நிறுவனத்தவருக்கு நீங்கள் போட்டது தெரியாமலே போகலாம். அதனால் வெளியாட்களுக்கு எழுத்தில்தான் பதில், நான் இதில் கண்டிப்பு.

புளியங்குளம்: அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். வியாபாரி நெல் விலையும் திகதியும் எழுதி அனுப்புவார், நான் பெருவிரல் போடுவேன். அது ஒப்பந்தமாகிவிடுமா?

பதில்: ஆகலாம், தம்பி, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். கனடாவின் சஸ்காச்சுவானில் 2021இல் ஒரு விவசாயிக்கு ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படம் பிடித்து போனில் அனுப்பி, உறுதிப்படுத்தச் சொன்னார்கள். அவர் பெருவிரல் போட்டார், விதை கொடுக்கவில்லை. "கிடைத்தது என்று சொல்லத்தான் போட்டேன்" என்றார். முந்திய ஒப்பந்தங்களுக்கும் அவர் "ஓகே" மாதிரிச் சின்னப் பதில் போட்டுவிட்டு விதை கொடுத்து வந்தவர் என்பதால் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2023இல் 82,000 கனடா டொலருக்கு மேல் கட்டச் சொன்னது, மேல்முறையீட்டிலும் 2024இல் அதே முடிவுதான். அந்தத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கள் 2006ஆம் ஆண்டு மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டமும், மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைச் செல்லாது என்று தள்ளவிடாது. "பார்த்தேன், முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதிவிடுங்கள், அரை நிமிட வேலை.

வவுனியா: கூட வேலை செய்பவரின் தகப்பன் தவறிவிட்டார் என்று மெயில் வந்தது. அழுகை முகம் போடலாமா?

பதில்: வேண்டாம். போன் எடுங்கள், முடிந்தால் வீட்டுக்குப் போங்கள்.

முல்லைத்தீவு: லீவு கேட்டேன், மேலாளர் பெருவிரல் மட்டும் போட்டார். அனுமதி என்று எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். "வியாழனும் வெள்ளியும் நான் லீவு, சரிதானே சேர்?" என்று அதே மெயிலில் கேளுங்கள். "ஓம்" என்று எழுத்தில் வந்த பிறகு பஸ்ஸுக்கு சீட் புக் பண்ணலாம்.