தொழிலாளர்களுக்கான அரை நாள் தீயணைப்புப் பயிற்சியில் எதை விடவே கூடாது?

பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுக்க வேண்டும், எதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவர் கையிலும் தீயணைப்பானைக் கொடுத்து ஒரு தடவையாவது திறந்தவெளியில் அடிக்க விடுங்கள். படம் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு முடிக்கிற பயிற்சி தீப்பிடிக்கிற அன்று யாருக்கும் உதவாது. பதற்றத்தில் கைப்பிடியை இறுக்கி அமுக்கிக்கொண்டே, அதில் செருகியிருக்கும் பின்னை (பாதுகாப்பு ஊசியை) இழுப்பார்கள், அது சிக்கிக்கொண்டு வரவே வராது. முதலில் பின்னை உருவி, அப்புறம் முனையைச் சுடருக்கு நேராக இல்லாமல் அடியில் எரிகிற பொருளுக்கு நேராகப் பிடித்து, அமுக்கி, இடமும் வலமுமாக வீச வேண்டும். 6 கிலோ பவுடர் தீயணைப்பான் அரை நிமிடம்கூட வராது என்பது அடித்துப் பார்த்தவருக்குத்தான் உறைக்கும்.

கார்பன் டை ஆக்சைடு வகையில் ஹார்னை, அதாவது வாயு வெளியே வரும் புனல் போன்ற முனையை, வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, வெளியே வருவது மைனஸ் 78 டிகிரி வரை குளிர்ந்திருக்கும், தோல் உறைந்து புண்ணாகிவிடும். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள்: தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி சுமார் 1,700 மடங்கு விரியும், எரிகிற எண்ணெய் முழுவதையும் மேலே தூக்கி அடிக்கும்.

இதைவிட முக்கியம், எப்போது அணைக்க முயலக் கூடாது என்பது. முதலில் சத்தம் போட்டு அலாரம் அடிக்கச் சொல்லுங்கள். தீ ஒரு குப்பைக்கூடை அளவைத் தாண்டிவிட்டாலோ, வெளியே போகும் வழி முதுகுப் பக்கம் இல்லையென்றாலோ, ஒரு தீயணைப்பான் தீர்ந்தும் அடங்கவில்லை என்றாலோ, விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். தீ விபத்தில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது புகை, அதனால் குனிந்தோ தவழ்ந்தோ போகப் பழக்குங்கள். மெஷினை விட்டு ஓடியதற்கு ஒருவரையும் கேள்வி கேட்க மாட்டோம் என்று முதலாளியோ மேலாளரோ அந்த வகுப்பில் வந்து நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டு விழுமே என்கிற பயத்தில் நின்று மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

தடுப்பு பற்றிப் பேசும்போது வெல்டிங்குக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். பொறி 10 மீட்டர் தள்ளிப் போய்க்கூட விழும், பஞ்சிலோ அட்டையிலோ புகைந்துகொண்டே கிடந்து எல்லோரும் கிளம்பிய பிறகு பற்றும். அதனால் வேலை முடிந்தும் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், ஒருவர் அங்கேயே நின்று பார்க்க வேண்டும். ஆளி விதை எண்ணெய், வார்னிஷ் துடைத்த துணியைக் குவித்து வைத்தால் நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றும், மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

திருட்டு பயத்தில் கதவைப் பூட்டி வைக்கிற வழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். 1911இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடை ஆலை தீப்பிடித்தபோது ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது, 146 பேர் இறந்தார்கள்.

இன்னொன்று, பயிற்சிக்காகக் கொஞ்சமே அடித்த பவுடர் தீயணைப்பானைத் திரும்ப மாட்டிவிடாதீர்கள், வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் மெதுவாகக் கசிந்துவிடும். நிரப்பக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்வரை அந்த இடத்தில் வேறொன்றை மாட்டுங்கள்.