லாக் பின்னை நம்பி போல்ட்டைத் திருகாதீர்கள்: டைமிங் பெல்ட் கேள்வி பதில்

பெரம்பூரிலிருந்து: பழைய ஆக்டேவியா 1.9 டிடிஐ வைத்திருக்கிறேன். பெல்ட் மாற்றும்போது கேம் புல்லி போல்ட்டைத் தளர்த்த வேண்டுமா? மெக்கானிக் தேவையில்லை என்கிறார்.

தளர்த்தாமலும் மாட்டலாம், வண்டியும் ஓடும், ஆனால் டைமிங், அதாவது பிஸ்டன் நகர்வுக்கு ஏற்ப வால்வுகள் திறந்து மூடும் நேரம், துல்லியமாக இருக்காது. அந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டில் உட்காரும் கேம் புல்லிக்குச் சாவி, அதாவது புல்லியை ஷாஃப்ட்டில் ஒரே இடத்தில் நிறுத்தும் சின்ன இரும்புத் துண்டு, கிடையாது. ஷாஃப்ட் நுனி கூம்பு மாதிரி இருக்கும், அதன்மேல் புல்லி இறுகி உட்காருவதுதான் பிடிப்பு. போல்ட்டைத் தளர்த்தினாலும் புல்லி லேசில் வராது. பின்கவரில் இருக்கும் துளை வழியாகக் கம்பியை விட்டு ஒரு தட்டுத் தட்டினால் 'டக்' என்று விடும். இப்போது ஷாஃப்ட் அசையாமல் நிற்க, புல்லி மட்டும் கையில் சுற்றும். பெல்ட்டை மாட்டி, அதை இறுக்கும் டென்ஷனரை வைக்கும்போது புல்லி தானே நகர்ந்து கொடுத்து, பெல்ட் எங்கும் தொய்வில்லாமல் உட்காரும். அப்புறம்தான் போல்ட்டை 45 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். இறுக்கும்போது, ஷாஃப்ட் அசையாமலிருக்க அதன் பின்முனையில் மாட்டிய பூட்டுத் தகட்டில் பலம் விழக்கூடாது. கவட்டை மாதிரி டூலால் புல்லியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தகடு இடத்தைக் காட்டத்தான், தாங்க அல்ல.

திருவொற்றியூரிலிருந்து: ஸ்விஃப்ட் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டரில் பெல்ட் மாற்றணும் அண்ணே?

அதில் டைமிங் செயின் தம்பி. ஆயிலை ஒழுங்காக மாற்றுங்கள்.

காசிமேட்டிலிருந்து: விசைப்படகில் லேலண்ட் எஞ்சின்...

அதில் பெல்ட் இல்லை, கியர். துறைமுகத்திலேயே நல்ல கைகள் இருக்கின்றன, அவர்களைக் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: டஸ்டர் 1.5 டீசல். பழைய பெல்ட்டிலும் புல்லிகளிலும் வெள்ளைப் பெயிண்ட் வைத்து, அதே பல் எண்ணிக்கையில் புதுசை மாட்டினோம். நன்றாக ஓடுகிறது. லாக் பின் எதற்கு?

பெயிண்ட் பழைய பெல்ட் எங்கே இருந்தது என்றுதான் சொல்லும், சரியான இடத்தில் இருந்ததா என்று சொல்லாது. முன்னால் மாட்டியவர் ஒரு பல் தவறியிருந்தால் நீங்களும் அதே தவறை நகல் எடுத்திருப்பீர்கள். இந்த எஞ்சினுக்கு, பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் இடத்தைக் காட்டப் பிளாக்கில் திருகும் பின் ஒன்று, கேம் புல்லித் துளை வழியாக ஹெட்டில் இறங்கும் பின் ஒன்று. இரண்டும் இடறாமல் இறங்கினால்தான் டைமிங்.

அதற்குக் கீழே இன்னொருவர்: முப்பது வருஷமாகப் பெயிண்ட்தான், ஒரு வால்வும் வளைந்ததில்லை. பின் போட்டவர்கள்தான் எஞ்சினை உடைத்திருக்கிறார்கள்.

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை அண்ணே. சாவி வைத்த புல்லிகளில், நீங்களே முன்பு சரியாக மாட்டிய வண்டியில் பெயிண்ட் போதும். கூம்பில் உட்காரும் புல்லியில் அது உதவாது. பின் போட்டு உடைத்தார்கள் என்பதும் உண்மைதான், நானே பார்த்தேன். வேறு பட்டறையிலிருந்து ஒரு வெரிட்டோ டாக்ஸி இழுத்து வந்தார்கள், அதுவும் இதே எஞ்சின்தான். கிராங்க் போல்ட்டைக் கழற்ற, பிளாக்கில் திருகும் அந்தப் பின்னையே தடையாக வைத்து நீளமான குழாய் போட்டு இழுத்திருக்கிறார்கள். பின் வாழைக்காய் மாதிரி வளைந்து பிளாக்கிலேயே சிக்கிக் கிடந்தது. குற்றம் பின்னுடையதல்ல. முதலில் போல்ட்டைத் தளர்த்து, பிறகு பின்னைப் போடு. இறுக்கும்போது பின்னை எடு, பிறகு இறுக்கு.

எண்ணூரிலிருந்து: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி நின்றது. பெல்ட் மாற்றி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அப்படியே ஓட்டுகிறேன்.

உங்கள் பக்கம் வந்தது வெறும் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்தது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப் பல் பிய்யும். கழுவி மாட்டாதீர்கள். பெல்ட், டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லர் மூன்றையும் மாற்றுங்கள். பெல்ட் வாட்டர் பம்ப்பையும் ஓட்டுகிறதென்றால் அதையும் சேர்த்து.

மூலக்கடையிலிருந்து: ஸ்விஃப்ட் டீசல் பெல்ட்...

செயின். மேலே சொல்லிவிட்டேன்.

மாதவரத்திலிருந்து: காலையில் கிறீச் என்று சத்தம், டைமிங் பெல்ட்டா?

ஃபேன் பெல்ட். இன்று நான்காவது முறை இந்தக் கேள்வி.

தண்டையார்பேட்டையிலிருந்து: இப்போதுதான் பெல்ட் மாட்டினோம். கையால் சுற்றினால் ஒன்றரைச் சுற்றில் முட்டி நிற்கிறது. ஸ்டார்ட் செய்து பார்க்கட்டுமா?

வேண்டாம், ஸ்டார்ட்டர் பக்கமே போகாதீர்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். மெத்தென்று தடுத்து விட்டுக் கொடுத்தால் அது கம்ப்ரஷன். பிளக் இல்லாமலும் அதே இடத்தில் இரும்பாக முட்டினால் வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. பலமாகத் தள்ளாமல் பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து வையுங்கள். முழுசாக இரண்டு சுற்று வந்து, கேம் ஒரு சுற்று முடித்து, இரண்டு பின்னும் மறுபடி இறங்கிய பிறகு, பின்களை எடுத்துவிட்டு வண்டிச் சாவியைப் போடுங்கள்.