அறிவியல் கேள்வி-பதில்: பால் ஒத்துக்கொள்ளாதது ஏன்? மூவண்ணப் பூனை ஏன் பெண்ணாகவே இருக்கிறது?

கேள்வி: உடம்பின் எல்லாச் செல்களிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது என்று என் மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் சொல்கிறது. அப்படியானால் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் கண்ணில் ஏன் சுரப்பதில்லை? தனக்கு வேண்டாத மரபணுக்களை அந்தந்த உறுப்பு கழித்துக்கட்டிவிடுகிறதா? (வாசகி, கும்பகோணம்)

கழித்துக்கட்டுவதில்லை. ஆனால் உங்கள் ஐயம் எளிதில் ஒதுக்கத் தக்கதும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆகஸ்ட் வைஸ்மான் என்ற ஜெர்மானிய உயிரியலாளர், கரு வளரும்போது மரபுப் பொருள் பங்கு பிரிக்கப்பட்டு ஒவ்வொரு திசுவுக்கும் அதற்குரிய பாகம் மட்டுமே போய்ச் சேர்கிறது என்றுதான் கருதினார். அது தவறு என்பதைத் தவளைகளைக் கொண்டு நிறுவியவர்களில் முதன்மையானவர் ஜான் கர்டன். தலைப்பிரட்டையின் குடலிலிருந்து ஒரு செல்லை எடுத்து, அதன் உட்கருவை, சொந்த உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டைக்குள் அவர் செலுத்தினார். பெரும்பாலான முட்டைகள் வீணாயின. சில மட்டும் தலைப்பிரட்டைகளாகவும், பின்னர் முழுத் தவளைகளாகவும் வளர்ந்தன. 1962இல் வெளியான இந்த ஆய்வின்படி, குடல் செல்லாகவே ஆகிவிட்ட ஒன்றினுள்ளும் கண், மூளை, கால் ஆகிய அனைத்துக்கும் வேண்டிய மரபணுக்கள் சேதமின்றி இருக்கின்றன. கர்டனுக்கு நோபல் பரிசு கிடைக்க 2012 வரை ஐம்பது ஆண்டுகள் ஆயின.

ஆகவே உறுப்புக்கு உறுப்பு வேறுபடுவது மரபணுக்களின் இருப்பு அன்று, அவற்றின் வெளிப்பாடுதான். வீணையில் இருபத்து நான்கு மெட்டுகளும் எப்போதும் இருக்கின்றன. மோகனம் வாசிப்பவர் அதற்குரிய இடங்களில் மட்டுமே விரல் வைக்கிறார். மனிதரிடம் புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. இவை நம் டிஎன்ஏயின் 300 கோடி எழுத்துகளில் ஒன்றரை விழுக்காட்டளவே இடம்பிடிக்கின்றன. எஞ்சிய பரப்பில் பயன் அறியப்படாத பகுதிகள் நிறைய உண்டு. எந்த மரபணு, எங்கே, எப்போது, எவ்வளவு படியெடுக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குறுந்துண்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. அந்தத் துண்டுகளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் புரதங்கள் மனிதரிடம் சுமார் 1,600 வகை. கணையத்தின் பீட்டா செல்லில் இவற்றுள் ஒரு கூட்டணி இருக்கிறது, கண் வில்லையின் செல்லில் வேறொரு கூட்டணி இருக்கிறது. அதனால் முன்னதில் இன்சுலின் மரபணுவும் பின்னதில் வில்லையின் புரதமான கிரிஸ்டலினுக்குரிய மரபணுவும் இயங்குகின்றன. இதற்கு மேல், ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில், ஓர் உருளைக்கு 147 எழுத்திணைகள் வீதம் டிஎன்ஏ சுற்றப்பட்டிருப்பதால், இறுகச் சுற்றிய பகுதியைப் படியெடுக்கும் நொதி எளிதில் நெருங்க முடியாது. படியெடுத்த பிறகும், அந்தப் படியான ஆர்என்ஏயைச் சிதைத்தோ தடுத்தோ கட்டுப்படுத்தும் வழிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான மைக்ரோ ஆர்என்ஏக்களைக் கண்டறிந்ததற்கே 2024இன் மருத்துவ நோபல் வழங்கப்பட்டது.

புத்தகத்தின் வாக்கியத்துக்கு விலக்குகளும் உண்டு என்பதை மகளிடம் சொல்லுங்கள். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை. நோய் எதிர்ப்பு மரபணுக்களின் துண்டுகளை மெய்யாகவே வெட்டி ஒட்டிக்கொள்ளும் வெள்ளையணுக்களும் இருக்கின்றன. வைஸ்மானின் கருத்து அந்த ஒரு மூலையில் மட்டும் ஓரளவு பிழைத்துக்கொண்டது எனலாம்.

கேள்வி: எனக்கு நாற்பத்தாறு வயது. சிறுவனாக இருந்தபோது சொம்புப் பால் குடித்தவன், இப்போது ஒரு டம்ளர் குடித்தாலே வயிறு உப்பிப் பொருமுகிறது. மோர் எவ்வளவு குடித்தாலும் தொல்லை இல்லை. இது மரபணுவின் காரணமாக வருவது என்கிறார் மருத்துவர். பிறந்தபோது இருந்த மரபணு இப்போது எங்கே போயிற்று? (வாசகர், திண்டுக்கல்)

எங்கும் போகவில்லை, உங்கள் சிறுகுடலின் ஒவ்வொரு செல்லிலும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதிக்கான அந்த மரபணு, தாய்ப்பால் மறந்த பிறகு படிப்படியாகப் படியெடுக்கப்படாமல் நின்றுவிடுகிறது. உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவாக்குகின்றன. மோர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம், உறை ஊற்றியபோதே தயிரின் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைப் புளிப்பு அமிலமாக மாற்றிவிடுவதும், எஞ்சியதை உடைக்கத் தம் நொதியையும் உடன் கொண்டு வருவதும் ஆகும். இது நோயன்று. உலகில் வளர்ந்தவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இதுதான் இயல்பு. பாலூட்டிகள் அனைத்துக்கும் பொதுவான ஏற்பாடும் இதுவே.

உங்கள் கேள்வியில் ஒரு சுவையான தற்செயல் இருக்கிறது. மரபணுக்கள் இயங்கவும் நிற்கவும் செய்கின்றன என்பதை அறிவியல் முதன்முதலில் தெளிவாகப் புரிந்துகொண்டதும் இதே பால் சர்க்கரையை வைத்துத்தான். அந்த ஆய்வு நடந்தது மனிதக் குடலில் அன்று, குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில். பாரிஸில் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ழாக் மோனோ என்ற இளைஞர், பாக்டீரியாக்களுக்குக் குளுக்கோஸையும் வேறொரு சர்க்கரையையும் கலந்து கொடுத்தால் அவை ஒரே சீராக வளராமல், முதலில் குளுக்கோஸை மட்டும் தின்று தீர்த்து, சிறிது நேரம் வளர்ச்சி நின்று, பிறகே அடுத்ததில் கைவைக்கின்றன என்பதைக் கவனித்தார். பந்தியில் பாயசத்தை முடித்துவிட்டு மோருக்குக் காத்திருப்பதைப் போன்ற அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்ற கேள்வி அவரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடவில்லை. இடையில் நாஜி ஆக்கிரமிப்புக்கு எதிரான தலைமறைவுப் படையிலும் அவர் பணியாற்றினார்.

லாக்டோஸ் இருக்கும்போது மட்டும் அதை உடைக்கும் நொதி ஆயிரம் மடங்கு வரை பெருகுகிறது என்பது தெரிந்திருந்தது. லாக்டோஸ் ஏதோ ஒரு விதத்தில் மரபணுவை முடுக்கிவிடுகிறது என்பதே அனைவருக்கும் தோன்றக்கூடிய விளக்கம். மோனோவும் அப்படித்தான் எண்ணினார். பாஸ்டர் நிறுவனத்தில் அவரும் பிரான்சுவா ஜக்கோபும் அமெரிக்கரான ஆர்தர் பார்டீயும் செய்து 1959இல் வெளியிட்ட சோதனை அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. லாக்டோஸ் மரபணுக்களோ அவற்றைக் கட்டுப்படுத்தும் மரபணுவோ சரியாக இல்லாத பாக்டீரியாவுக்குள், இரண்டும் சரியாக உள்ள இன்னொரு பாக்டீரியாவிலிருந்து அவை நுழையும்படி செய்தார்கள். லாக்டோஸ் சிறிதும் இல்லாத நிலையிலும் நொதி உடனே உருவாகத் தொடங்கியது; ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. அதாவது, மரபணு தானாகவே இயங்கக்கூடியது. அதனுடன் வந்த கட்டுப்பாட்டு மரபணு ஓர் அடக்கிப் புரதத்தை மெல்ல மெல்லச் செய்து சேர்த்த பிறகுதான் அது அடங்குகிறது. லாக்டோஸ் முடுக்கியதாகத் தோன்றியது, உண்மையில் பூட்டைக் கழற்றியதே. செல்லுக்குள் லாக்டோஸிலிருந்து சிறிது உருமாறி உண்டாகும் அல்லோலாக்டோஸ் அந்த அடக்கிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, புரதம் டிஎன்ஏயின் மீதிருந்த பிடியை விடுகிறது.

ஆனால் பூட்டுக் கழன்றால் மட்டும் போதாது. குளுக்கோஸ் தீர்ந்துபோகும்போது செல்லுக்குள் பெருகும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு, வேறொரு புரதத்தோடு சேர்ந்து வந்து, படியெடுக்கும் நொதியை அந்த இடத்தில் நிலைநிறுத்த வேண்டும். அருகில் லாக்டோஸ் இருக்க வேண்டும், குளுக்கோஸ் இல்லாதிருக்கவும் வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும், சிந்திக்கும் உறுப்பு எதுவுமே இல்லாத ஓர் உயிர், புரதங்கள் ஒட்டுவதையும் விலகுவதையும் மட்டும் கொண்டு கணக்கிட்டுவிடுகிறது. லாக்டோஸைப் பயன்படுத்துவதற்கான மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்து ஒரே கட்டுப்பாட்டில் இயங்குவதால் இத்தொகுதிக்கு லாக் ஓபரான் என்று பெயர். மோனோ, ஜக்கோப், அவர்களின் மூத்த சகா ஆந்த்ரே ல்வோஃப் ஆகிய மூவரும் 1965இல் நோபல் பெற்றார்கள். அடக்கி என்ற பொருளைக் கண்ணால் காணாமலேயே கிடைத்த பரிசு அது. வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் ஹார்வர்டில் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தது மறுஆண்டில்தான்.

உங்கள் வயிற்றுக்குத் திரும்புவோம். பாக்டீரியாவைப் போல, பால் குடிக்கக் குடிக்க நம் லாக்டேஸ் மரபணு மீண்டும் இயங்கத் தொடங்கும் என்று எண்ணிச் சிலர் பிடிவாதமாகக் குடித்துப் பார்க்கிறார்கள். அது நடப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் காலப்போக்கில் பழகிக்கொள்வதால் தொல்லை சற்றுக் குறையலாம், மரபணு அசைவதில்லை. வளர்ந்த பிறகும் பாலைச் செரிப்பவர்களிடம் என்ன வேறுபாடு என்று ஃபின்லாந்துக் குடும்பங்களில் தேடிய ஆய்வாளர்கள் 2002இல் விடையைக் கண்டார்கள். லாக்டேஸ் மரபணுவில் மாற்றம் எதுவும் இல்லை. அதிலிருந்து ஏறக்குறைய 14,000 எழுத்துகள் தள்ளி, எம்சிஎம்6 என்ற அண்டை மரபணுவின் உள்ளே, ஒரே ஓர் எழுத்து சி-க்குப் பதிலாக டி என்று மாறியிருந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருக்கும் விசையால் நம் வீட்டு விளக்கு எரிவதைப் போன்ற இந்த அமைப்பில், மாறிய எழுத்தின்மீது ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் வலுவாக ஒட்டுவதால் லாக்டேஸ் முதுமை வரை தொடர்ந்து உருவாகிறது. மேய்ச்சல் சமூகங்கள் வாழும் கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே சிறு பகுதியில் வேறு எழுத்துகள் தனித்தனியாக மாறி, அதே விளைவைத் தந்திருக்கின்றன. இந்தியாவில் காணப்படுவது ஐரோப்பியரிடம் உள்ள அதே மாற்றம்தான். வடமேற்கில் அது மிகுதி, தெற்கிலும் கிழக்கிலும் குறைவு. எனவே திண்டுக்கல்லில் மோரை நாடும் நீங்கள் பெரும்பான்மையோடுதான் இருக்கிறீர்கள்.

கேள்வி: வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்றும் கலந்த பூனைகள் எங்கள் தெருவில் உண்டு. அத்தனையும் பெண் பூனைகள். தற்செயலா? (வாசகர், நாகர்கோவில்)

தற்செயல் அன்று. செம்பழுப்புக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் செம்பழுப்பு வடிவமும் மற்றதில் சாதாரண வடிவமும் அமையலாம். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கினால் உற்பத்தி இருமடங்காகிவிடும் என்பதால், கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதேனும் ஓர் எக்ஸை ஏறக்குறைய முழுதாக அடக்கிவிடுகிறது. எதை அடக்குவது என்பதில் ஒழுங்கு கிடையாது. அந்தச் செல்லின் வழிவந்தவை எல்லாம் அதே முடிவைக் கடைப்பிடிப்பதால் தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறுகிறது. மேரி லயன் என்ற ஆங்கிலேயர் எலிகளின் மயிர் நிறத்தைக் கொண்டு இதை 1961இல் கணித்தார். வெள்ளைத் திட்டு வேறொரு மரபணுவின் வேலை. ஆண் பூனைக்கு ஓர் எக்ஸ்தான் என்பதால் அதில் கறுப்பும் செம்பழுப்பும் சேர்ந்து தோன்றுவது மிக அரிது. தோன்றினால் பெரும்பாலும் கூடுதலாக ஓர் எக்ஸ் பெற்றுப் பிறந்த பூனையாக இருக்கும்.

அமெரிக்காவின் டெக்சாஸில் மூவண்ணப் பூனை ஒன்றை நகலெடுத்து 2001 டிசம்பரில் உருவாக்கிய குட்டிக்கு, நகலி என்ற பொருளில் ‘சிசி’ என்று பெயரிட்டார்கள். டிஎன்ஏ அச்சு அசலாக அந்த மூலப் பூனையினுடையதாக இருந்தும், அதன் உடலில் செம்பழுப்பு நிறமே இல்லை. நகலெடுக்கப் பயன்பட்ட ஒற்றைச் செல்லில் செம்பழுப்பு எக்ஸ் ஏற்கெனவே அடக்கப்பட்டிருந்தது. அந்த அடக்கம் நீங்காமல் குட்டிக்கும் வந்து சேர்ந்தது. செல்லப்பிராணியை நகலெடுக்கப் பணம் கொடுக்க எண்ணுபவர்கள் இந்தப் பூனையை நினைவில் கொள்வது நல்லது.

கேள்வி: உறங்கும் மரபணுக்களை விழிக்கச் செய்யும் மூலிகைப் பொடி என்று ஒன்றைக் கைப்பேசி விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா? (வாசகி, ஈரோடு)

இரண்டு இட்லி தின்றாலும் உங்கள் கல்லீரலில் பல மரபணுக்களின் வெளிப்பாடு சில மணி நேரத்துக்குள் மாறிவிடும். எந்த மரபணு, எந்த உறுப்பில், எவ்வளவு என்று அந்தப் பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால் மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் மலைப்பகுதியில் சிலருக்கு அரிவாள் செல் இரத்தசோகை இருக்கிறது. வெளிநாட்டில் மரபணுவைத் திருத்தி அதைக் குணப்படுத்துவதாகப் படித்தேன். பழுதான மரபணுவைச் சரிசெய்கிறார்களா? (வாசகர், கூடலூர்)

பழுதானதை அவர்கள் தொடுவதே இல்லை, வியப்பு அதுதான். இந்தியாவில் இந்நோயின் மரபு முதலில் பதிவானதே 1952இல், உங்கள் நீலகிரி மலையின் பழங்குடியினரிடம்தான். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாளாக வளைகின்றன. தாய் வயிற்றில் இருக்கும்போது குழந்தை பீட்டாவுக்குப் பதிலாகக் காமா என்ற சங்கிலியைப் பயன்படுத்துகிறது. பிறந்த சில மாதங்களில் காமா மரபணு அடக்கப்பட்டு பீட்டா பொறுப்பேற்கிறது. அதனால்தான் நோயுள்ள குழந்தைகளும் முதல் சில மாதங்கள் தொல்லையின்றி இருக்கின்றன. பழுதற்ற காமா மரபணு நோயாளியிடம் வாழ்நாள் முழுதும் இருக்கிறது, இயங்குவதில்லை என்பது மட்டுமே குறை.

அதை அடக்கி வைப்பதில் பிசிஎல்11ஏ என்ற புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2008இல் தெரியவந்தது. அந்தப் புரதம் மூளையிலும் நோய் எதிர்ப்புச் செல்களிலும் தேவைப்படுவதால் அதன் மரபணுவையே அழிப்பது ஆபத்து. ஆனால் சிவப்பணுக்களாக மாறும் செல்களில் மட்டும் அதை மிகுவிக்கும் ஒரு கட்டுப்பாட்டுத் துண்டு தனியாக இருக்கிறது. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, டிஎன்ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் முறையால் அந்தத் துண்டை மட்டும் வெட்டிச் சிதைத்து, திரும்ப உடலில் செலுத்துகிறார்கள். அடக்குபவரின் குரல் அங்கே மட்டும் தாழ்ந்துவிட, காமா மறுபடி இயங்குகிறது. பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா அடுத்த மாதத்திலும் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன. புதிய அணுக்களுக்கு இடம் உண்டாக்கக் கடுமையான மருந்தால் பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர்.

கூடலூரில் இன்று கைக்கெட்டுவது ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை. பல நோயாளிகளிடம் அதுவும் காமா சங்கிலி கொண்ட ஹீமோகுளோபினை ஓரளவு உயர்த்தி, வலி மிகுந்த நெருக்கடிகளைக் குறைக்கிறது. அளவைக் கூட்டவோ குறைக்கவோ இடையிடையே இரத்தப் பரிசோதனை தேவைப்படுவதால் மருத்துவரின் கண்காணிப்பிலேயே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்; கருவுற்றிருக்கும் பெண்களும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் தொடங்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.